லெப்டான் என்னும் மெல்லினம்

எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை ஒருத்தி இரண்டு காசு போட்ட கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தமிழ் விவிலியத்தில் ‘காசு’ என்று வருவதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் லெப்டான். ‘லெப்டோஸ்’ என்றால் மெல்லியது, சன்னமானது. பெயருக்கேற்ற சின்னஞ்சிறு செப்புக்காசு அது. இன்றும் கிரீசில் யூரோவின் நூறில் ஒரு பங்கு லெப்டோதான்.

அந்த வேரிலிருந்து இயற்பியலுக்குச் சொல் எடுத்தவர் பெல்ஜிய அறிஞர் லியோன் ரோசன்ஃபெல்டு. கிறிஸ்டியன் மோலர் சொன்ன யோசனையை ஏற்று, அணுவினும் சிறிய துகள்களில் நிறை குறைந்தவற்றுக்கு லெப்டான் என்று 1948இல் பெயரிட்டார். அப்போது பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. எலக்ட்ரானைவிடப் புரோட்டான் 1,836 மடங்கு கனம். எலக்ட்ரானின் கனத்த உறவினரான மியூவான்கூட 207 மடங்குதான்.

1975இல் வந்தது வம்பு. மார்ட்டின் பெர்ல் குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்த டௌ துகள், புரோட்டானைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு கனமாக இருந்தது. ஆனாலும் அதுவும் லெப்டானே. சிறுவயதில் ‘ஒல்லி’ என்று கூப்பிட்ட பிள்ளையை, உடம்பு வைத்த பிறகும் அப்படியே கூப்பிடும் வீடுகள் உண்டல்லவா?

அப்படியானால் எதை வைத்து லெப்டான் என்கிறோம்? எடையை வைத்து அல்ல, வல்விசையை வைத்து. புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்னும் அடிப்படைத் துகள்கள் மூன்றைப் பிணைத்திருப்பது அந்த விசை. எவ்வளவு மோதிப் பார்த்தும் ஒரு குவார்க்கைத் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. லெப்டான்களை அந்த விசை தீண்டுவதே இல்லை. அதனால் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க ஒரு சீப்பே போதும். உலர்ந்த தலையை அதனால் வாருங்கள். முடி விறைத்து எழும். அந்தச் சிறு உரசலிலேயே எலக்ட்ரான்கள் கோடிக்கணக்கில் இடம் மாறிவிடுகின்றன. எலக்ட்ரான், மியூவான், டௌ, இவற்றுக்கு இணையாக மின்னூட்டமற்ற மூன்று நியூட்ரினோக்கள் என லெப்டான்கள் மொத்தம் ஆறு.

தமிழில் என்ன சொல்வது? குவார்க்குக்கு வேர் தேடிப் பயனில்லை. அதற்குப் பெயர் சூட்டிய இயற்பியலாளர் மர்ரே கெல்-மான் முதலில் ஓர் ஓசையைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டலைப் பிறகு ஜேம்ஸ் ஜாய்சின் நாவலிலிருந்து எடுத்தார். அதை ஒலிபெயர்ப்பதே நேர்மை. லெப்டானுக்குப் பொருள் உண்டு. எதிர்மின்னி (எலக்ட்ரான்), நொதுமி (நியூட்ரான்) என்ற வரிசையில் ‘மென்மி’ என்பார்கள். கிரேக்கத்தின் பிழையையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டோமே என்று முதலில் எனக்கும் தோன்றியது.

ஆனால் தமிழில் ‘மெல்’லுக்கு எதிர்ச்சொல் ‘கனம்’ அல்ல, ‘வல்’. வல்லினம், மெல்லினம் படித்த பிள்ளைக்கு இது தெரியும். வல்விசைக்கு ஆட்படாதது மென்மி! மூலச்சொல்லில் தவறிப்போன பொருத்தம் தமிழில் தற்செயலாகக் கிடைத்துவிட்டது. என் ஓட்டு மென்மிக்கே. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பீட்டாச் சிதைவுக்குக் காரணமான மென்விசை என்று வேறொரு விசை உண்டு; பெயர் ஒத்திருந்தாலும் அது மென்மிகளுக்கு மட்டும் உரியதல்ல, குவார்க்குகளும் அதற்கு உட்பட்டவைதான்.