ஸ்மூத் மசில்: மென்தசையா, வரியற்ற தசையா?

வயிற்றைப் பிசைகிற வலிக்கு மாத்திரை வாங்கினால், 'ஸ்மூத் மசிலைத் தளர்த்தும்' என்று சொல்லித் தருவார்கள். இந்த ஸ்மூத் மசிலைத் தமிழில் மென்தசை என்றே பலரும் எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லோடு நெடுநாளாகப் பிணக்கு உண்டு, ஏனென்றால் அதைக் கேட்டதும் ஏதோ வலுவில்லாத, தொளதொளத்த தசை என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது.

மூலச்சொல்லைப் பார்ப்போம். மசில் என்பது லத்தீன் 'மஸ்குலஸ்', பொருள் குட்டி எலி. கையை மடக்கும்போது புயத்தசை தோலுக்கடியில் உருண்டு ஓடுவது எலி ஓடுவதுபோல் இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்தான், மயோசின் என்ற தசைப்புரதத்தின் பெயரில் இருக்கும் 'மயோ' அங்கிருந்து வந்தது. ஸ்மூத் என்பதோ நுண்ணோக்கியில் பார்த்து வைத்த பெயர். கைகால் தசையையும் இதயத்தசையையும் நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே கருமையும் வெளுப்புமாக வரிகள் தெரியும். இரைப்பை, குடல், ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, கருப்பை இவற்றின் சுவர்த்தசையில் அந்த வரிகள் கிடையாது, ஒரே சீராக மழமழவென்று இருக்கும். அவ்வளவுதான் பெயர்க்காரணம், மென்மை என்ற பேச்சே அதில் இல்லை.

வரிப்புலி, வரிக்குதிரை என்று சொல்லிப் பழகிய நமக்கு 'வரியற்ற தசை' என்பது உடனே புரியும். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'மழமழப்பான தசை' என்பதும் அழகான சொல், மூலப்பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. 'அனிச்சைத் தசை' மட்டும் வேண்டாம்: இதயமும் நம் விருப்பத்தைக் கேட்டுத் துடிப்பதில்லை, ஆனால் அது வரியுள்ள தசை.

நான் வரியற்ற தசையைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெரிய காரணம், அந்த வரி இல்லாமையிலேயே தசையின் குணம் முழுவதும் அடங்கியிருப்பதுதான். ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரத இழைகள் அணிவகுத்து நிற்பதால்தான் கைத்தசையில் வரி தெரிகிறது. அங்கே கால்சியம் வந்து ட்ரோபோனின் என்ற புரதத்தைத் தொட்டதும் தசை சட்டென்று சுருங்கும், சட்டென்று விடும். வரியற்ற தசையில் இழைகள் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன, ட்ரோபோனின் கிடையாது. கால்சியம் முதலில் கால்மோடுலின் என்ற வேறொரு புரதத்தோடு சேரவேண்டும், அந்த ஜோடி ஒரு நொதியைத் தட்டி எழுப்பவேண்டும், அது மயோசினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டவேண்டும், அதற்கப்புறம்தான் சுருக்கம். அதனால் மெதுவாகத்தான் தொடங்கும், ஆனால் சுருங்கிய நிலையிலேயே கொஞ்சம் சக்தியை மட்டும் செலவழித்து வெகுநேரம் இருக்கும்.

இரைப்பையில் இந்தத் தசை மூன்று அடுக்காக இருக்கிறது, உள்ளே சாய்வாக, நடுவில் வளையமாக, வெளியே நீளவாக்கில். மேல்பகுதி உணவு வரும்போது தளர்ந்து இடம் கொடுக்கும். கீழ்ப்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 3 அலை என்ற கணக்கில் அரைத்துக்கொண்டே இருக்கும், திட உணவு 1 அல்லது 2 மில்லிமீட்டர் துகளாகும்வரை பெரும்பாலும் வாசலைத் தாண்ட விடாது. இதற்கா மென்தசை என்று பெயர்?

மருந்து இந்தத் தசையை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. எலியின் இரைப்பை மேல்பகுதியிலிருந்து ஒரு கீற்றை வெட்டி, நூல் கட்டி, 37 டிகிரி உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் குமிழிகளை விட்டுக்கொண்டிருப்பார்கள். மேல்நூல் ஒரு நெம்புகோலில், நெம்புகோலின் முனை புகைக்கரி பூசிய தாள் சுற்றிய, சுழலும் உருளையில் கோடு கீறும், தசை சுருங்கினால் கோடு ஏறும். உடலில் சுரக்கும் சைகைப்பொருளான செரோடோனினை அளப்பதற்கு மருந்தியலாளர் ஜான் வேன் 1957-ல் இந்தக் கீற்றைத்தான் எடுத்துக்கொண்டார். நரம்பு தசைக்குச் சைகை அனுப்பும் பொருளான அசிட்டைல்கோலினை ஒரு துளி விட்டால் கோடு உடனே பாயாது, சோம்பல் முறிப்பதுபோல் மெல்ல ஏறும், கழுவிவிட்டாலும் அவசரமில்லாமல்தான் இறங்கும். அடுத்து அட்ரோபின் என்ற மருந்தைப் போட்டுவிட்டு அதே துளியை விட்டால் கோடு அசையாது, ஏனென்றால் அசிட்டைல்கோலின் அமரவேண்டிய ஏற்பியில், அதாவது செல்லில் அதற்கென்று இருக்கும் இருக்கையில், அட்ரோபின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அப்போது செரோடோனின் விட்டால் கோடு ஏறும், அதற்கு வேறு வாசல். இதை முதல்முறை பார்த்தபோதுதான் ஏற்பி என்ற சொல் எனக்கு உண்மையாகவே விளங்கியது.

வயிற்றுவலி மாத்திரைகளும் இதே கதைதான். டைசைக்ளோமின் பெரும்பாலும் அட்ரோபின் வழி. அதே ஏற்பிகள் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்ணிலும் இருப்பதால் வாய் உலர்கிறது, பார்வை மங்குகிறது. ட்ரோட்டாவெரின் ஏற்பியை விட்டுவிட்டு, செல்லுக்குள்ளேயே ஒரு நொதியை அடக்கி, சுருக்கச் சங்கிலியைத் தளர்த்துகிறது. இவற்றுக்குப் பொதுப்பெயர் ஆன்டிஸ்பாஸ்மோடிக். ஸ்பாசம் என்ற கிரேக்கச் சொல்லின் வேர் இழுப்பது, நாமும் இழுப்பு, இசிவு என்றுதான் சொல்கிறோம், ஆகவே 'இசிவகற்றி' மிகச் சரியாகப் பொருந்துகிறது. டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு எதிர்த்திசைக்காரர்கள், இரைப்பையை முடுக்கிவிடுபவை. எரித்ரோமைசின் நுண்ணுயிர்க்கொல்லியாக இருந்தும் மோட்டிலின் என்ற குடல் ஹார்மோனின் ஏற்பியைத் தூண்டுவதால் இரைப்பையை வேகப்படுத்துகிறது.

சொல்லைச் சரியாக வைக்காததால் வரும் குழப்பம் ஒன்று உண்டு. முதுகுப் பிடிப்புக்குத் தரும் மாத்திரையையும் 'தசை தளர்த்தி' என்கிறோம், வயிற்று மாத்திரையையும் அப்படியே. முதுகில் இருப்பது வரித்தசை, அதற்குத் தரும் குளோர்சாக்சசோன் போன்றவை மூளை, தண்டுவட நரம்புகளை மட்டுப்படுத்துபவை. இரைப்பையின் இழுப்புக்கு அது உதவாது, டைசைக்ளோமின் முதுகுக்கு உதவாது. முதுகுக்கு வரித்தசைத் தளர்த்தி, வயிற்றுக்கு இசிவகற்றி என்று பிரித்துச் சொன்னால், எந்த மாத்திரை எதற்கு என்பது பெயரைக் கேட்டதுமே தெரிந்துவிடும்.