உப்புக்காற்றிலும் உச்சி வெயிலிலும் ஒரு கார்பன் சைக்கிள்

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடல் நின்றுவிடும், சக்கரம் தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஃப்ரீவீல் தரும் வசதி அது. ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம் ஹப்பின் மேல் நேராக முறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும்; காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். வளையப் பந்தயத் தடங்களுக்கு உரிய இந்த அமைப்பு இப்போது நகரத் தெருக்களிலும் ஓடுகிறது. சென்னைக்கு இது நன்றாகவே பொருந்தும். மேம்பாலங்களை விட்டால் இங்கே ஏற்றம் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை, ஒரே கியர் போதும். இதில் ஓட்டிப் பழகியவர்கள் பலருக்கு அடுத்து வரும் ஆசை, தங்கள் உடல் அளவுக்குத் தாங்களே செய்துகொண்ட ஒரு கார்பன் ஃப்ரேம்.

அந்த ஆசை மொட்டை மாடியிலேயே நிறைவேறக்கூடியதுதான். ஆனால் இதற்கான செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் வெயில், ஈரப்பதம், கடலின் உப்பு ஆகிய மூன்றும் போதிய கணக்கில் இருப்பதில்லை. சென்னையில் ஃப்ரேம் செய்பவர் கார்பனைவிட, அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் என்ற இறுகும் பசையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இழை. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை நூலைக் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, உருகாத தன்மைக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். ஹைட்ரஜனும் நைட்ரஜனும் வெளியேற, கார்பன் அணுக்கள் இழையின் நீளவாக்கில் அடுக்கடுக்காக இறுகி நிற்கின்றன. எஞ்சும் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படிப்பட்ட 3,000 இழைகள் சேர்ந்த கற்றை '3கே' எனப்படும். கடையில் கிடைக்கும் கார்பன் துணி பெரும்பாலும் இதில் நெய்ததுதான். நீளவாக்கில் இழுத்தால் வளைந்துகொடுக்காத விறைப்பில் இது எஃகைச் சற்று மிஞ்சும். எடையோ எஃகில் கால் பங்குக்கும் குறைவு.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் 4,000 மீட்டர் துரத்தல் பந்தயத்தில் தங்கம் வென்றது மைக் பரோஸ் வடிவமைத்த லோட்டஸ் கார்பன் சைக்கிளில். அதுவும் ஃபிக்ஸட் கியர்தான். கார்பன் ஃப்ரேமைப் பற்றிய உலகத்தின் எண்ணத்தை மாற்றிய சைக்கிள்களில் அது முக்கியமானது.

இழையின் பலம் முழுவதும் நீளவாக்கில்தான். குறுக்கே இழுத்தால் தாங்குவது இழைகளுக்கு இடையே இருக்கும் எபாக்ஸி ரெசின் மட்டுமே. அதன் விறைப்பு இழையில் நூறில் ஒரு பங்கைத்தான் ஒட்டி இருக்கும். மூங்கில் அப்படித்தான்: வளைத்தால் தாங்கும், நுனியில் கத்தியை வைத்துத் தட்டினால் நீளவாக்கில் பிளந்துவிடும். அதனால் கார்பனில் ஃப்ரேம் செய்வது என்றாலே எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்று முடிவுசெய்வதுதான். வளைவைத் தாங்க நீளவாக்கில் சில அடுக்குகள், முறுக்கத்தைத் தாங்க இருபக்கமும் 45 டிகிரி சாய்த்துச் சில அடுக்குகள், குழாய் நசுங்காமல் இருக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ. எஃகுக் குழாய் வாங்குபவருக்கு இந்தக் கவலை இல்லை. எஃகு எல்லாத் திசையிலும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும்.

குழாயின் விட்டமும் முக்கியம். எடையை மாற்றாமல் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், சுவர் பாதியாக மெலியும், ஆனால் வளைவுக்கு எதிரான விறைப்பு நான்கு மடங்காகும். கார்பன் ஃப்ரேமின் கீழ்க்குழாய் அவ்வளவு பருமனாக இருப்பது இதனால்தான். எல்லை மீறி மெலிந்தால் ஒரு கல் தெறித்தாலே சுவர் உள்ளே போய்விடும். நம் சாலைகளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் வைப்பதில் தவறில்லை. கூடும் எடையைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

ஃபிக்ஸட் கியர் இந்த ஃப்ரேமிடம் என்ன கேட்கிறது? 70 கிலோ எடையுள்ள ஒருவர் பெடலைத் தாங்கும் 170 மில்லிமீட்டர் கிராங்கில் முழு எடையையும் வைத்து நின்று மிதித்தால், 46 பல் கொண்ட முன் பல்சக்கரத்தில் செயின் ஏறத்தாழ 130 கிலோ இழுவையில் விறைக்கும். அது பின் அச்சை முன்னோக்கி இழுக்கிறது. செயின் ஓடும் வலது பக்கக் குழாய்க்கே சுமை அதிகம். எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது செயினின் கீழ்ப்பாதி விறைக்கும், இழுவை மறுபடியும் வரும். ஓட்டும் நேரம் முழுவதும் கால்களுக்கும் ஃப்ரேமுக்கும் ஓய்வு கிடையாது. எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழலும் திசையில் தள்ளப்படுவதால், அதன் மேல் எதிர்மரை கொண்ட லாக் ரிங் ஒன்று இறுக்கப்படுகிறது. வளைவில் சாயும்போதும் பெடலை நிறுத்த முடியாது என்பதால், பெடல் தரையில் இடிக்காதபடி கிராங்க் பொருந்தும் பாட்டம் பிராக்கெட்டைச் சாலை சைக்கிளைவிட ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தி வைக்க வேண்டும்.

அம்பத்தூரில் ஆலை நடத்திய, 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் காலத்திலிருந்து இந்த ஊருக்குத் தெரிந்த சைக்கிள் மூட்டு எஃகும் பித்தளைப் பற்றும். எஃகு ஃப்ரேம் கோணினால் வளைத்துச் சரிசெய்யலாம். கார்பனில் அது முடியாது. ரெசின் இறுகியபின் கோணல் நிரந்தரம். எனவே ஒட்டும் முன்பே, நேரான பலகையில் செய்த பிடிமானத்தில் குழாய்களைப் பொருத்தி அளக்க வேண்டும். பழைய நூல் முறையே இன்றும் சிறந்தது: தலைக்குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, இருபுறமும் பின் அச்சுத் துளைகள் வரை இழுத்து, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடத் தெரிந்துவிடும்.

குழாய் முனைகளை ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி அரத்தால் தேய்த்து, எபாக்ஸியால் தற்காலிகமாக ஒட்டுவார்கள். பிறகு எபாக்ஸியில் சிலிக்காத் தூளைக் கலந்து களிம்பாக்கி, மூட்டின் உள்மூலைகளை வளைவாக நிரப்ப வேண்டும். கூர்மூலையில் கார்பன் துணி படியாது. பாலம்போல் தாண்டிச் சென்று அடியில் வெற்றிடம் விடும். நிரப்பியபின் துணிப் பட்டைகளை ரெசினில் நனைத்துச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு பட்டையும் முந்தையதைவிடச் சற்று நீளமாகவோ குறைவாகவோ முடிய வேண்டும். எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் ஒருநாள் விரிசல் வரும். மேலே ஒட்டாத நைலான் துணி, அதன்மேல் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி இழுத்துச் சுற்றி, ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டால், மிகுதி ரெசின் துளிகளாக வெளியே பனிக்கும். வெற்றிடப் பை போட முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்ப் போதும். காற்றை உறிஞ்சிவிட்டால் வளிமண்டலமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையால் அழுத்தும்.

இனி ரெசின். காசிமேட்டிலும் அதன் கரையோரமும் ஃபைபர் படகு செய்பவர்களுக்குக் கையால் அடுக்கும் கலை நன்றாகத் தெரியும். உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்றும் விதத்தை அவர்களிடம் நின்று பார்த்துக் கற்பது ஒரு பாடநூலுக்குச் சமம். ஆனால் படகுக்கு வழக்கமாகப் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஊற்றும் திரவம் வினையைத் தூண்ட மட்டுமே, எனவே அளவைக் கூட்டிக் குறைத்து இறுகும் வேகத்தை மாற்றலாம். எபாக்ஸியோடு இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்ட்னரோ, வினையில் பங்குபெறும் மறுபாதி. கூட்டினால் பங்காளி கிடைக்காத மூலக்கூறுகள் மிஞ்சி, ஃப்ரேம் என்றைக்கும் முழுமையாக இறுகாது. தராசில் கிராம் கணக்காக நிறுத்தே கலக்க வேண்டும்.

வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வினையின் வேகம் தோராயமாக இரட்டிக்கிறது. 25 டிகிரியில் அரை மணி நேரம் கையாளலாம் என்று டப்பாவில் அச்சிட்ட ரெசின், 35 டிகிரியில் கால் மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். ஆழமான கோப்பையில் விட்டால் தன் சூட்டிலேயே மேலும் வேகமெடுத்துப் புகையும். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, விடியற்காலையில் வேலை செய்வதே வழி. ஈரப்பதம் இன்னொரு தொல்லை தரும். ஹார்ட்னரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து, இறுகிய மேற்பரப்பில் மெழுகு போன்ற படலத்தை உண்டாக்கும். விரலால் தடவினால் பிசுக்கு தெரியும். அதன்மேல் அடுத்த அடுக்கு ஒட்டாது. அந்தப் படலம் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் உப்புத்தாள் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு உள்ளேயே அழுந்திவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இறுகிய ரெசின் எந்த வெப்பநிலையில் மீண்டும் ரப்பர்போல் நெகிழத் தொடங்கும் என்பது. அதைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பார்கள். அறை வெப்பத்தில் மட்டும் இறுகவிட்ட எபாக்ஸி பலவற்றில் இது 50 முதல் 60 டிகிரிதான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நிழலில் அளந்த காற்றின் வெப்பம் அது. வெயிலில் நிறுத்திய கறுப்புப் பரப்பு காற்றைவிட 20, 30 டிகிரி கூடுதலாகச் சூடேறும். அப்படிப்பட்ட மதியத்தில் வெளியே நிறுத்திய ஃப்ரேமின் மூட்டுகள் தம் விறைப்பை இழந்த நிலையில்தான் அடுத்த பயணம் தொடங்கும். இதற்கு மருந்து, இறுகியபின் மீண்டும் சுடுவது. ஒட்டுப்பலகைப் பெட்டியில் வெப்பமானி வைத்து, வெப்பத்தை மெல்ல மெல்ல ஏற்றி, ரெசின் செய்தவர் தரும் தாளில் சொல்லியிருக்கும் நேரம்வரை 70, 80 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையே எஞ்சிய பிணைப்புகள் அப்போது பூர்த்தியாகி, நெகிழும் வெப்பநிலை உயரும். சூட்டை ஏற்க வல்ல ரெசினாகவும் பார்த்து வாங்க வேண்டும். கடைசியில் வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள். நெசவு பளபளவென்று தெரிவதில் பலருக்கு ஆசை உண்டு, எனக்கும் அந்த அழகு பிடிக்கும். இருந்தாலும் இந்த ஊரில் வெள்ளைதான் பொறுப்பான நிறம்; ரெசினைச் சிதைக்கும் புற ஊதாக் கதிரையும் அது தடுக்கும்.

உப்பு செய்யும் வேலை மறைவானது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு கலந்த ஈரம் இருந்தால் அது ஒரு மின்கலம் ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். வெண்பொடியாக மாறி வீங்கும் அந்தத் துரு, ஒட்டிய இடத்தை உள்ளிருந்தே நெம்பிப் பிரிக்கும். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் அலுமினிய இணைப்புகளில் கார்பன் குழாய்களை ஒட்டிச் செய்த சைக்கிள்கள் பல இவ்வாறு மூட்டுக் கழன்றன. பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ வசிப்பவரின் சைக்கிள் நாளெல்லாம் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஓட்டுபவரின் வியர்வையும் உப்புதான். பாட்டம் பிராக்கெட் உறை, பின் அச்சைப் பிடிக்கும் தகடுகள் ஆகிய அலுமினியத் துண்டுகளை லேத் பட்டறையில் கடைந்து வாங்கியதும், கரகரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, உடனே ஒரு மெல்லிய கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் நனைத்துச் சுற்றிவிட வேண்டும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அந்த ஒரு அடுக்கு மின்கலத்தின் சுற்றைத் துண்டித்துவிடும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் ஒரு சிறு வடிகால் துளையும் அவசியம், வடகிழக்குப் பருவமழையில் சீட் குழாய் வழியே இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். சோதித்துச் சான்று பெற்ற ஒன்றை விலைக்கு வாங்குங்கள். அது ஓட்டத்தில் முறிந்தால் சுதாரிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. வாங்கும்போது பிரேக் பொருத்தத் துளை உள்ளதாகவே கேளுங்கள், தடத்துக்கு மட்டும் செய்த ஃபோர்க்குகளில் அது இருக்காது. பிரேக் இல்லாமல் ஓட்டுவதை வீரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்கிறது, பின்சக்கரம் பிடிமானம் இழக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்பிரேக்கோடு 7 மீட்டரில் நிற்கக்கூடியவர், பின்சக்கரத்தைக் காலால் மட்டும் தடுத்தால் நிற்க ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தேவைப்படும். அண்ணா சாலையில் ஒரு பஸ் திடீரென்று இடதுபுறம் ஒதுங்கும்போது அந்தக் கூடுதல் 7 மீட்டர் கிடைக்காது. முன் ரிம் அலுமினியமாகவே இருக்கட்டும், மழையில் கார்பன் ரிம்மில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும்.

பல் எண்ணிக்கையில் ஒரு நயம் இருக்கிறது. பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும்போது கால்கள் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். எனவே டயர் தேயும் இடங்களும் குறிப்பிட்ட சில மட்டுமே. முன்னே 48, பின்னே 16 என்றால் விகிதம் சரியாக 3. ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம் தரையில் உரசி, சீக்கிரமே நூல் தெரிந்துவிடும். 46க்கு 17 என்று வைத்தால் 17 பகா எண், வகுபடாது. தேய்மானம் 17 இடங்களில் பகிர்ந்துவிடும். வேகத்துக்கும் இதே விகிதம் ஏற்றது: 30 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 88 சுற்று மிதிக்க வேண்டியிருக்கும். கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது வேகம் 40ஐத் தொட்டால் அதுவே 117 சுற்றாகும். அங்கும் கால்களை நிறுத்த வழியில்லை என்பதால் இறக்கம் தொடங்கும் முன்பே பிரேக்கில் விரல் இருக்க வேண்டும்.

எஃகு முறிவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். கார்பனில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வராது. பெயின்ட் அப்படியே இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒவ்வொரு மாதமும், பெரிய குழியில் விழுந்த ஒவ்வொரு முறையும், ஒரு நாணயத்தால் குழாய்களையும் மூட்டுகளையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒரே குரலில் ஒலிக்கும், பிரிந்த இடம் மொத்தென்று ஒலிக்கும். சீட் கம்பியையும் அதே சமயம் உருவித் துடைத்து, கார்பனுக்கான பசையைத் தடவிப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் உப்பு அதை நிரந்தரமாகப் பூட்டிவிடும். மொத்தென்று ஒலித்த மூட்டைச் சுற்றி உடைந்த அடுக்குகள் போகும்வரை தேய்த்தெடுத்து மறுபடி சுற்றலாம். தேய்க்கும்போது என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. பாட்டம் பிராக்கெட்டோ தலைக்குழாயோ அப்படி ஒலித்தால் சரிசெய்யப் பார்க்காமல் அந்த ஃப்ரேமை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்து ஓட்டிவிடாதபடி.