சரணாலயத்தில் டிரெக்கிங் போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

நாலு பேர் சேர்ந்து மலையேறக் கிளம்பும்போது பஸ், ரூம், ஷூ எல்லாம் பார்த்துவிடுகிறார்கள், அந்தக் காட்டுக்குள் நடக்க அனுமதி உண்டா என்பதை மட்டும் கடைசியில் விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

போகும் இடம் சரணாலயம் அல்லது தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன் 27-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அங்கே குடியிருக்க அனுமதி பெற்றவர்கள், நிலம் உள்ளவர்கள், பணியில் இருக்கும் அரசு ஊழியர்கள், பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவர்கள் போன்றோருக்குத்தான் விலக்கு. இந்தச் சாலை விலக்கைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முதுமலை வழியாக மைசூருக்கு வண்டியில் போகலாம், சரி. ஆனால் மான் கூட்டம் நிற்கிறதே என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் நடந்தால் அந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது.

சுற்றுலா, போட்டோ, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை 28-வது பிரிவு தலைமை வன உயிரினக் காப்பாளருக்குக் கொடுக்கிறது. 'ரேஞ்சர் நமக்குத் தெரிஞ்சவர்தான், வாங்க' என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்த மாதிரி மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு நேர்வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள், அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து ஆன்லைனில் முன்பதிவுக்குத் திறந்தது. கூட வருகிற வழிகாட்டிகள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், பலர் பழங்குடியினர். யானைத் தடம் எது, எங்கே பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், அவர் நில் என்றால் நின்றுவிடுங்கள்.

தேதி குறிக்கும்போது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கவனம். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடியே வைத்திருந்தார்கள். புல் காய்ந்த சரிவில் தீ பிடித்தால் அது மேல்நோக்கித்தான் பாயும், மனிதனால் ஓடித் தப்ப முடியாத வேகத்தில். அதனால் மூடிவிட்டார்கள் என்றால் வேறு குறுக்குவழி தேடாமல் தேதியை மாற்றுங்கள். தீ மூட்டுவதற்கு 30-வது பிரிவு தடை, குப்பை போடவும் விலங்கைச் சீண்டவும் 27-லேயே தடை.

தனியார் குழுவோடு போவதானால், பணம் கட்டும் முன்பே அனுமதிச்சீட்டின் நகலைக் கேளுங்கள். உங்கள் பெயர், தேதி, நடக்கப்போகும் பாதை மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்து மலைக்கு வாங்கிய சீட்டு இந்த மலைக்குச் செல்லாது.