நுரையீரல் ஆராய்ச்சியில் போஸ்ட்டாக்: விண்ணப்பிக்கும் முன் கொஞ்சம் பேசலாம்

எங்கள் குழுவுக்கு வரும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விண்ணப்பங்களை முதலில் படிப்பது என் பொறுப்பு. நுரையீரல் நோய்களைப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வழியாக, அதாவது உயிரியல் தரவைக் கணினியில் அலசி, ஆராயும் குழு இது. வருவதில் பாதிக்கு மேல் ஒரே அச்சில்தான் இருக்கும்: பைத்தான் நிரல்மொழி தெரியும், ஆர் நிரல்மொழி தெரியும், இன்னின்ன மென்பொருள்கள் தெரியும். நுரையீரல் என்ற சொல் கடைசிப் பத்தியில் ஒருமுறை தலைகாட்டும். எல்லாரும் திறமையான பிள்ளைகள்தான். வாய்ப்பு நழுவுவது இந்த இடத்தில்தான் என்பதால் எழுதுகிறேன்.

நேர்காணலில் ஒரு படம் காட்டுவேன். நுரையீரல் திசுவைத் தனித்தனி செல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நுண்துளியில் அடைத்து, அதில் எந்தெந்த மரபணு இயங்குகிறது என்று ஆர்.என்.ஏ.வை வைத்து அளந்த தரவு. அதில் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களில் எஸ்.எஃப்.டி.பி.சி. என்ற மரபணு தெரியும். காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட்டில் சேரும் புரதத்துக்கான மரபணு அது; இரண்டாம் வகைக் காற்றறை செல்களுக்கே உரியது. மேக்ரோஃபேஜில் அதற்கு என்ன வேலை? "புதுவகை செல்" என்று சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். ஒரு பெண் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "திசுவைப் பிரிக்கும்போது உடைந்த செல்களிலிருந்து கசிந்த ஆர்.என்.ஏ.வாக இருக்கலாம். செல் இல்லாத வெற்றுத் துளிகளிலும் இது இருக்கிறதா, பார்க்கலாமா?" என்று கேட்டார். அப்புறம் அவராகவே, "மேக்ரோஃபேஜ் செத்த செல்களை விழுங்கும், அப்படியும் வந்திருக்கலாம்" என்றார். அவரிடம் மென்பொருள் பற்றி அதிகம் கேட்கத் தோன்றவில்லை.

இந்தத் துறையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மூச்சுக்குழாயில் அயனோசைட் என்றொரு அரிய செல் இருப்பதே 2018இல்தான் தெரியவந்தது. சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான மரபணுவை 1989இலேயே கண்டுபிடித்தாயிற்று. அது மிக அதிகமாக இயங்குவது இந்த அயனோசைட்டில்தான் என்று தெரிய இன்னும் 29 வருடம் ஆனது. 2023இல் வெளிவந்த மனித நுரையீரல் செல் வரைபடம் 486 பேரிடமிருந்து 24 லட்சம் செல்களை ஒன்றுசேர்த்தது. அதன் தரவை யாரும் இறக்கிப் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் ஒரு மாதம் ஒதுக்கி, அதில் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் தேடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 6 பேரிடமிருந்து 50,000 செல்கள் எடுத்தாலும் ஒப்பிட்டுப் பேசுவதற்கு உங்கள் கையில் இருப்பது 6 பேர்தான்.

சரி, இடங்களை எங்கே தேடுவது? கணினி உயிரியல் துறைகளில் மட்டும் தேடினால் பல இடங்கள் கண்ணில் படாது. மருத்துவக் கல்லூரிகளின் நுரையீரல் பிரிவு, மரபணுவியல், நோய்ப்பரவலியல் என்று வேறு பெயர்களில் அறிவிப்பு வரும். பிடித்த ஆய்வுக் கட்டுரையின் மூத்த ஆசிரியருக்கு நேரடியாக எழுதுவதும் பலன் தரும். அந்தக் கட்டுரையில் உங்களை உறுத்திய ஒரு விஷயத்தைச் சொல்லிப் பத்து வரியில் முடியுங்கள்.

நிதியுதவிகளில் தகுதி விதிதான் பலரைத் தடுக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச்.சின் எஃப்32 என்ற நிதியுதவிக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். அதன் இன்னொரு நிதியுதவியான கே99க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐரோப்பாவின் மேரி ஸ்க்வதோவ்ஸ்கா கியூரி நிதியில், போகும் நாட்டில் விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இயற்பியல், கணிதம், கணினி படித்துவிட்டு உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே எச்.எஃப்.எஸ்.பி. என்ற பன்னாட்டு ஆய்வு நிதி அமைப்பில் தனி நிதியுதவி உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்த ஆண்டு அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்.

இடம் கிடைத்தாலும் உடனே தலையாட்டிவிட வேண்டாம். என் முதல் போஸ்ட்டாக்கில் "பெரிய நோயாளிக் குழுவின் தரவு" என்றுதான் அறிவிப்பு சொன்னது. போன பிறகுதான் தரவைப் பயன்படுத்துவதற்கான ஒப்புதல் வேலையே முடியவில்லை என்று தெரிந்தது. பதினொரு மாதம் காத்திருந்தேன், ஒப்பந்தமோ இரண்டு வருடம். தரவு இப்போது கையில் இருக்கிறதா, எந்த ஒப்புதலின்கீழ் இருக்கிறது, நான் கிளம்பினால் என் பகுப்பாய்வு என்னவாகும் என்று கேட்டுவிடுங்கள். டிபிகேப் போன்ற மரபணுத் தரவுக் களஞ்சியங்களில் அனுமதி ஆய்வுத்தலைவர் பெயரில்தான் கிடைக்கும், போஸ்ட்டாக் பெயரில் கிடைக்காது.

நுரையீரல் மருத்துவர்களோடு உட்காரும் வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். நுரையீரல் ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்) நோயாளிகள் பற்றி மருத்துவர், கதிரியக்க வல்லுநர், திசு வல்லுநர் மூவரும் கூடிப் பேசும் கூட்டம் ஒன்றுக்கு முதன்முறை போயிருந்தேன். நோய்த் திசுவுக்கும் நல்ல திசுவுக்கும் நான் கண்ட வித்தியாசங்களை ஆசையாகக் காட்டினேன். மருத்துவர் ஒருவர் கேட்டார்: "நோய்த் திசு நுரையீரலின் எந்த மடலில் எடுத்தது? நல்ல திசு எந்த மடலில்?" இந்த நோய் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், ஓரங்களில்தான் முற்றும். நல்ல திசு மேல்மடலிலிருந்து வந்திருந்தால் நான் கண்டதில் பாதி இடத்தால் வந்த வித்தியாசமாகக்கூட இருக்கலாம். என் அட்டவணையில் மடலுக்கென்று ஒரு நெடுவரிசையே இல்லை. அன்று சாயங்காலமே அறுவைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாதிரிக்கும் நிரப்ப ஆரம்பித்தேன்.