அலர்

தருமபுரி பூச்சந்தையில் மல்லியை மொட்டாகத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். விரிந்த பூவுக்கு விலை இல்லை. அதே மொட்டு சாயங்காலம் கூந்தலில் விரிந்துவிட்டால், பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும். அம்பல், அலர் என்ற இரண்டு பழைய சொற்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு பெண்ணையும் ஆணையும் சேர்த்து ஊர் முணுமுணுத்தால் அம்பல். இன்னார் மகள், இன்னார் மகன் என்று வெளிப்படையாகவே பேசினால் அலர். அலர்தல் என்றால் மலர்தல். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்களுக்கும் இது அந்நியமில்லை, பழங்கன்னடத்திலும் அலர் பூதான்.

அம்பலை நற்றிணையில் உலோச்சனார் படமாகவே பிடித்து வைத்திருக்கிறார். தெருவில் பெண்கள் சிலரும் பலருமாகக் கூடி, கடைக்கண்ணால் பார்த்து, சுட்டுவிரலை மூக்கு நுனியில் வைத்து 'அம்பல் தூற்றுகிறார்கள்'. அந்த விரல் இன்னும் கீழே இறங்கியபாடில்லை. களத்தில் ராகியைக் காற்றில் விடுவதற்கும் தூற்றுதல் என்றுதான் பெயர். ஆனால் அங்கே பதர் பறந்துபோய் மணி நிற்கும். ஊர்ப்பேச்சில் பறந்து பரவுவதே பதர்தான்.

அலர் எவ்வளவு சத்தமாக இருக்கும்? குறுந்தொகை 393-இல் பரணர் நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறார். காதலன் தழுவிய நாட்கள் மிகச் சில. அலரோ, வாகைப் போர்க்களத்தில் அதிகன் யானையோடு விழுந்த அன்று கொங்கர் போட்ட கூச்சலைவிடப் பெரிது. அதிகன், தகடூர் அதியமான் குடிக்காரன் என்பார்கள். தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஒரு தலைவன் செத்ததற்கு எழுந்த ஆரவாரம், ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் தோற்றுப்போகிறது!

சரி, 'ஸ்கேண்டல்' என்கிறோமே, அதற்குத் தமிழ் என்ன? அந்தச் சொல் கிரேக்க 'ஸ்கண்டலோன்' வழியாக வந்தது. பொறியில் இரை மாட்டும் குச்சி, தடுக்கி விழவைக்கும் கல் என்று பொருள். தமிழ் விவிலியம் அதை 'இடறல்' என்கிறது. அந்தச் சொல்லின் கண் விழுந்தவர் மேல் இருக்கிறது. அலரின் கண் பேசுகிற வாய்கள் மேல். பேப்பர்களில் வரும் 'சர்ச்சை' வெறும் விவாதம்தான், 'வதந்தி' வடமொழியில் 'சொல்கிறார்கள்' என்ற வினை. இரண்டும் இந்த இடத்துக்குப் பொருந்தாது. காதல் விவகாரம் என்றால் அலர் என்றே எழுதலாம். பணம், பதவி சம்பந்தப்பட்டதென்றால் முறைகேடு, ஊழல் என்று நேராகவே சொல்லிவிடலாம், அங்கே பூவுக்கு வேலையில்லை.

பேர் கெடுவதென்னவோ பெண்ணுக்குத்தான். ஆனால் தொல்காப்பியம், அம்பலும் அலரும் களவை (ஊருக்குத் தெரியாத காதலை) வெளிப்படுத்தும் என்று சொல்லிவிட்டு, அதற்கு முதல்வன் கிழவன், அதாவது காதலன் என்கிறது. இந்த வரியை யாரும் ஊர்ப் பஞ்சாயத்தில் எடுத்துக் காட்டியதாகத் தெரியவில்லை.

அப்புறம், தகடூர் என்றால் அவ்வை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அதியமான் அஞ்சி எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாட, மிச்சத்தை அவன் மகிழ்ந்து குடிப்பான் என்று அவன் இறந்தபோது புறநானூற்றில் அழுதவர் அவர். அரசனோடு கள் பகிர்ந்ததை ஒளிக்காமல் பாடிய பெண். பின்னால் வந்த கதைகளில் அவர் கல்யாணத்துக்குப் பயந்து பிள்ளையாரிடம் வரம் கேட்டு, இளம் வயதிலேயே கிழவியாகிவிடுகிறார். கிழவியைப் பற்றி யார் அலர் தூற்றப் போகிறார்கள்?