பினாமித் துப்பாக்கி: 4473 படிவத்தின் ஒரு கேள்வியும் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களின் சந்தேகமும்

2009 நவம்பரில் வர்ஜீனியா மாநிலத்தில் புரூஸ் அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர் ஒரு கடையில் கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். போலீஸ்காரர்களுக்கு அந்தக் கடையில் விலை குறைவு. துப்பாக்கி வேண்டியிருந்ததோ பென்சில்வேனியாவில் இருந்த அவருடைய அங்கிளுக்கு. (தீர்ப்பில் அங்கிள் என்றுதான் இருக்கிறது. மாமாவா சித்தப்பாவா என்று ஆங்கிலம் பிரித்துச் சொல்லாது.) வாங்குவதற்கு இரண்டு நாள் முன்பே அங்கிள் 400 டாலருக்குச் செக் அனுப்பிவிட்டார். எதற்கு என்று எழுதும் இடத்தில் 'கிளாக் 19 கைத்துப்பாக்கி' என்றும் எழுதியிருந்தார்.

அந்த அங்கிள் குற்றவாளி அல்ல. சட்டப்படி அவரே கடைக்குப் போய் வாங்கியிருக்கலாம். துப்பாக்கியை அவர் கையில் கொடுத்ததுகூட உரிமம் பெற்ற ஒரு வியாபாரி வழியாக, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான். ஆனாலும் அப்ராம்ஸ்கிக்குத் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 2014 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. கடையில் நிரப்பிய படிவத்தில் அவர் ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று டிக் செய்திருந்தார்: இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?

அமெரிக்காவில் இப்படி வாங்குவதை 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்' என்பார்கள். நமக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை, பினாமிதான். நிலத்தில் பினாமி என்றால் பணம் ஒருவருடையது, பத்திரத்தில் பெயர் இன்னொருவருடையது. அதே கதை இங்கே துப்பாக்கிக் கடையில் நடக்கிறது.

படிவம் எப்படி வேலை செய்கிறது

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி வியாபாரம் செய்பவர் ஃபெடரல் (மத்திய அரசு) உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த உரிமத்தைத் தந்து கண்காணிப்பது ஏ.டி.எஃப். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் என்று நான்கையும் ஒரே கையில் வைத்திருக்கும் துறை அது. கடையில் வாங்குபவர் 4473 எண்ணுள்ள படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்பது இப்போதைய படிவத்தில் 21ஆம் கேள்வியின் முதல் பிரிவு. பிறகு கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் 'நிக்ஸ்' என்ற சோதனை அமைப்பில் பெயரைக் கொடுத்துப் பார்ப்பார். இது 1998 நவம்பரில் தொடங்கியது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் விற்றுவிடலாம். வாங்குபவர் 21 வயதுக்குக் கீழ் என்றால் இந்தக் காத்திருப்பு பத்து வேலை நாள் வரை நீளலாம்.

ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறைக் குற்றவாளி, தேடப்படும் ஆள், போதைப்பொருள் பயன்படுத்துபவர் எல்லோருக்கும் இந்தச் சோதனையில் கதவு அடைபடும். கஞ்சாவை மாநிலம் அனுமதித்திருந்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அது இன்னும் போதைப்பொருள்தான். படிவமே அதைத் தனியாக எச்சரிக்கிறது. அன்றைய அதிபரின் மகன் ஹன்டர் பைடன் 2024 ஜூனில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றது இந்தப் போதைப்பொருள் கேள்விக்கு எழுதிய பதிலால்தான். அந்த டிசம்பரில் தந்தை மன்னிப்பு வழங்கினார் என்பது தனிக்கதை.

சோதனை பெயரை மட்டும்தான் பார்க்கும். கதவு அடைபட்டவன், கைசுத்தமான பெயருள்ள ஒருத்தியை அனுப்பினால் எல்லாம் பச்சை விளக்குதான். 2010இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண், பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு ரைஃபிளும் ஒரு ஷாட்கன்னும் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் சொந்தப் பாட்டியைக் கொன்று 17 ஆண்டு சிறையில் இருந்தவர். 2012 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வெப்ஸ்டர் என்ற ஊரில் அவர் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களைக் காத்திருந்து சுட்டார். இரண்டு பேர் இறந்தார்கள். வாங்கிக் கொடுத்த பெண்ணுக்கு ஃபெடரல் நீதிமன்றத்தில் 8 ஆண்டு சிறை. இந்தச் சட்டம் எதற்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கே போதும்.

பரிசு என்றால் குற்றம் இல்லை

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். உங்கள் சொந்தப் பணத்தில், யாரும் கேட்டுக் காசு கொடுக்காமல், பிறந்தநாள் பரிசாக அப்பாவுக்கு வாங்கினால் நீங்கள்தான் உண்மையில் வாங்குபவர். 'ஆம்' என்று எழுதலாம். அப்பா 'நான் பணம் தருகிறேன், நீ வாங்கி வா' என்றால் எழுதக் கூடாது. பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பதிலுக்கு ஒரு பொருள், ஒரு வேலை என்று எதைக் கொடுத்தாலும் பரிசு என்ற பெயர் நிற்காது. பரிசு பெறுபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளவர் என்று தெரிந்தே கொடுத்தால் அது வேறு குற்றம்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது; ஏதேனும் ஒரு மாநிலம் தந்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. 'நான் எச்-1பி, உனக்குத்தான் கிரீன் கார்டு வந்துவிட்டதே, உன் பெயரில் எனக்கு ஒன்று வாங்கிக் கொடேன்' என்று நண்பரிடம் கேட்பது சாதாரண உதவி போலத்தான் தோன்றும். அது அசல் பினாமிக் கொள்முதல். குடியுரிமை இல்லாதவர் துப்பாக்கிச் சட்டக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் குடிவரவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தண்டனை

2022 வரை பினாமிக் கொள்முதல் என்ற பெயரில் ஃபெடரல் சட்டத்தில் தனிக் குற்றம் இல்லை என்பது ஆச்சரியம்தான். படிவத்தில் பொய் சொன்னதாகத்தான் வழக்குப் போட்டார்கள். அதற்கு 10 ஆண்டு வரை சிறை. 2022 ஜூன் 25 அன்று பைடன் கையெழுத்திட்ட சட்டம் இதைத் தனிக் குற்றமாக்கியது. தடையுள்ளவருக்காகவோ, குற்றத்துக்குப் பயன்படுத்தப் போகிறவருக்காகவோ தெரிந்தே வாங்கினால் 15 ஆண்டு வரை. பெரிய குற்றத்துக்கோ பயங்கரவாதத்துக்கோ போதைப்பொருள் கடத்தலுக்கோ போகும் என்று தெரிந்திருந்தால் 25 ஆண்டு வரை. படிவம் இல்லாத தனி ஆள் விற்பனையையும் இந்தப் புதிய பிரிவு தொடும். அப்ராம்ஸ்கியின் அங்கிள் போலத் தடையில்லாத ஆளுக்கு வாங்கினால் பழைய பிரிவுதான், பொய் சொன்ன குற்றம்.

ஏன் நம்ப மறுக்கிறார்கள்

பினாமிக் கொள்முதலைத் துப்பாக்கி உரிமைக்காரர்கள் யாரும் ஆதரிப்பதில்லை. துப்பாக்கித் தொழில் சங்கமே ஏ.டி.எஃப்.புடன் சேர்ந்து 2000 முதல் 'அடுத்தவனுக்காகப் பொய் சொல்லாதே' என்று கடைகளில் பிரசாரம் செய்கிறது. அவர்களுடைய கோபம் சட்டத்தை நடத்தும் கையின் மேல்.

முதல் புகார், பிடிக்க வேண்டியவர்களைப் பிடிப்பதில்லை என்பது. அரசின் தணிக்கை அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2017 நிதியாண்டில் எஃப்.பி.ஐ. சோதனையில் சுமார் 1,12,000 பேருக்கு மறுப்பு வந்தது. அதில் ஏ.டி.எஃப். விசாரணைக்கு அனுப்பியது 12,710. ஃபெடரல் வழக்காகப் போனது வெறும் 12. இவை வாங்க முயன்று மறுக்கப்பட்டவர்களின் கணக்கு. பினாமிகளின் கணக்கு அல்ல. ஆனால் படிவத்தில் பொய் சொல்பவனை அரசு எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதற்கு அளவுகோலாக இதைத்தான் காட்டுகிறார்கள். அரசு வழக்கறிஞர்கள் தரப்பில் காரணம் இல்லாமல் இல்லை. மனதில் இருந்த நோக்கத்தை நிரூபிப்பது கடினம். பிடிபடுபவர் பெரும்பாலும் முன்குற்றம் இல்லாத ஒரு காதலியோ தங்கையோதான்.

இரண்டாவது, ஆறாத புண். 2009 கடைசியில் அரிசோனாவில் ஏ.டி.எஃப். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' என்று ஒரு நடவடிக்கை தொடங்கியது. மெக்சிகோவின் போதைக் கும்பல்களுக்காகப் பினாமிகள் கட்டுக்கட்டாக ரைஃபிள் வாங்குவது தெரிந்தும், பெரிய தலைகளைப் பிடிக்கலாம் என்று அவர்களை வாங்க விட்டார்கள். சந்தேகம் வந்து தகவல் சொன்ன கடைக்காரர்களும் தொடர்ந்து விற்றார்கள். அதிகாரிகளுக்குத் தெரிந்துதான் எல்லாம் நடந்தது. சுமார் 2,000 துப்பாக்கிகள் போயின. ஒரே ஆள் 700க்கு மேல் வாங்கினார். 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் பிரையன் டெர்ரி அரிசோனாவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அங்கே கிடந்த இரண்டு ரைஃபிள்கள் அந்தப் பினாமிகளில் ஒருவர் வாங்கியவை. உள்ளே இருந்த ஓர் அதிகாரியே இதை வெளியே சொன்னார். 2012இல் நீதி அமைச்சகத்தின் உள் கண்காணிப்பு அதிகாரி 14 பேர் மீது குறை கண்டு அறிக்கை தந்தார். தகவல் தர மறுத்ததற்காக அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் மீது பிரதிநிதிகள் சபை அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. இதில் கட்சி அரசியல் நிறையவே கலந்திருந்தது. இதைப் போன்ற வேலை புஷ் காலத்திலும் டூசான் நகரில் நடந்திருந்தது. ஆனால் அங்கிளுக்கு வாங்கிக் கொடுத்தவனை உச்ச நீதிமன்றம் வரை இழுத்த அதே அரசு, கும்பலுக்கு வாங்கியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று ஒருவர் சொன்னால், என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

மூன்றாவது, பதிவேடு பற்றிய பயம். துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அனுமதி பெற்றவரின் சோதனைத் தகவலை நிக்ஸ் 24 மணி நேரத்தில் அழிக்க வேண்டும். ஆனால் 4473 படிவங்கள் கடையில் இருக்கும். 2022 முதல் அவற்றை எப்போதும் அழிக்கக் கூடாது என்று விதி வந்தது, முன்பு 20 ஆண்டு போதும். கடையை மூடினால் எல்லாம் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். மையத்துக்குப் போகும். அங்கே 90 கோடிக்கு மேல் ஆவணங்கள் இருப்பதாக 2022இல் தெரியவந்தது. அவை படங்களாகத்தான் உள்ளன, பெயர் போட்டுத் தேட முடியாது என்கிறது துறை. இன்று முடியாது, நாளை? என்கிறார்கள் மற்றவர்கள்.

வாசலில் அதிகாரி வந்தால்

ஐந்து வேலை நாளுக்குள் ஒருவர் ஒரே கடையில் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால், கடைக்காரர் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர் போலீசுக்கும் தனிப் படிவம் அனுப்ப வேண்டும். அப்படி வாங்குவது குற்றமல்ல. பினாமியாக இருக்கலாமோ என்று பார்க்க ஒரு குறிப்பு, அவ்வளவுதான். 2022 ஜூலையில் டெலவேரில் இந்த மாதிரி ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகள் ஒரு வீட்டு வாசலுக்கே வந்தார்கள். வாரண்ட் இல்லை. வாங்கிய துப்பாக்கிகள் கைவசம் இருக்கின்றனவா, காட்டுங்கள் என்றார்கள். வாசல் கேமராவில் பதிவான காணொளி நாடு முழுக்கப் பரவியது. அந்த மனிதர் எடுத்துக் காட்டிவிட்டார். காட்டியிருக்கவே கூடாது என்று ஒரு கூட்டமும், காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று இன்னொரு கூட்டமும் சண்டை போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், உரிமம் பெற்ற கடையை ஏ.டி.எஃப். 12 மாதத்துக்கு ஒரு முறை வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம். சாதாரணமாக வாங்கியவரின் வீட்டுக்கு அந்த அதிகாரம் நீளாது. வாரண்ட் இல்லாமல் வந்தால் கதவைத் திறக்கவோ, பேசவோ, துப்பாக்கியை எடுத்துக் காட்டவோ கட்டாயம் இல்லை. வழக்கறிஞரோடு பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பலாம். பேசுவதென்று முடிவு செய்தால் மட்டும் கவனம் வேண்டும். ஃபெடரல் அதிகாரியிடம் வழக்குக்கு முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை. துப்பாக்கியை ஏற்கெனவே விற்றிருந்தால், அது வீட்டில்தான் இருக்கிறது என்று வாசலில் சொல்லிவைக்காதீர்கள்.