எர்த் என்றால் எந்த நிலம்?

பழைய பிக்கப் வண்டியின் ஸ்டார்ட்டர் கோளாறுகளைப் பற்றித் தமிழாக்கம் செய்யப்பட்ட வழிகாட்டி ஒன்றில், ‘பேட்டரியின் எதிர்முனைக் கம்பி தரையோடு நன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்’ என்ற வரியை அண்மையில் படித்தேன். ஆங்கிலத்தில் ‘எர்த்’ அல்லது ‘கிரவுண்டு’ என்று இருந்ததே இங்கே ‘தரை’ ஆகியிருக்கிறது. ‘தரை’ இருந்த இடத்தில் ‘நிலம்’ என்றோ ‘புவி’ என்றோ மாற்றி எழுதிய இதே வரியை இதற்கு முன்பும் பலமுறை கண்டிருக்கிறேன். ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டியின் மின்சுற்றுக்கும் அதன் கீழே கிடக்கும் மண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த வரியை நம்பி யாரேனும் பேட்டரியிலிருந்து ஒரு கம்பியை இழுத்து மண்ணில் நட்டால், குற்றம் அவருடையதன்று.

எர்த் என்ற சொல் மின்துறைக்குள் தந்தியின் வழியாக வந்தது. தந்திக்கு முதலில் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி என இரண்டு தேவைப்பட்டன. 1838-இல் ஜெர்மானியரான ஸ்டைன்ஹைல், திரும்பும் கம்பிக்குப் பதிலாக மண்ணையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். அங்கே அது உண்மையாகவே நிலம்தான். பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தபோது, திரும்பும் கம்பியை மிச்சப்படுத்தும் அதே உத்தியை வண்டியின் இரும்புச் சட்டத்தைக் கொண்டு செய்தார்கள். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. பிரிட்டனில் எர்த் என்றும் அமெரிக்காவில் கிரவுண்டு என்றும் அந்தப் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆக, வண்டியில் எர்த் என்பது வண்டியின் உடலே. பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் ஸ்டார்ட்டருக்கோ விளக்குக்கோ சென்று வேலையை முடித்தபின், எஞ்சின், அடிச்சட்டம், கேபின் ஆகிய இரும்புப் பகுதிகளின் வழியாகப் பேட்டரியின் மறுமுனைக்குத் திரும்புகிறது.

‘ஆங்கிலக்காரர்களே எர்த் என்கிறார்கள், நாம் நிலம் என்றால் என்ன?’ என்று, எர்த்தை ‘நிலத்தொடுப்பு’ எனத் தமிழாக்கும் கட்சியினர் கேட்பார்கள். ஆங்கிலக்காரர் வழுக்கிய இடத்திலேயே நாமும் வழுக்க வேண்டும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. ஜெர்மானியர் மண்ணுக்கு ‘எர்டெ’ என்றும் வண்டியின் உடலுக்கு ‘மாஸெ’ என்றும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரிடமும் ‘தேர்’, ‘மாஸ்’ என்ற இரண்டும் உண்டு. ஒரே சொல்லால் இரண்டையும் குழப்புவது ஆங்கிலத்தின் சொந்தச் சிக்கல்; அதை இறக்குமதி செய்ய வேண்டிய தேவை நமக்கு இல்லை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வீட்டு மின்னிணைப்பில் நிலத்தொடுப்பு என்பது காவல் ஏற்பாடு: எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அதில் மின்னோட்டம் ஏறக்குறைய இராது, பழுது நேரும்போது மட்டுமே அது வேலை செய்யும். வண்டியிலோ நிலை நேர்மாறானது. ஒவ்வொரு விளக்கின் மின்னோட்டமும், ஸ்டார்ட்டர் சுழலும்போது நூறு ஆம்பியரைத் தாண்டும் மின்னோட்டமும் முழுவதுமாக இந்த வழியில்தான் திரும்பியாக வேண்டும். ‘நிலத்தொடுப்பு சரியில்லை’ என்று படிப்பவர், வீட்டு நினைவில், ‘பாதுகாப்புக்கானதுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்துக்கொண்டு நல்ல பேட்டரியையும் நல்ல ஸ்டார்ட்டரையும் மாற்றிக்கொண்டிருப்பார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டருக்கு மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சாலினாய்டு ‘டிக்’ என்று மட்டும் சொல்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை என்ற பழைய வண்டிகளின் நிரந்தரப் புகாரில், துருவேறிய இந்தத் திரும்பும் வழிக்குப் பெரும்பங்கு உண்டு. நூறில் ஒரு பங்கு ஓம் தடை அந்த வழியில் புகுந்தால் போதும். 150 ஆம்பியரில் ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு காட்டாது. ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டுக்கொண்டே, பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் வெற்று இரும்புக்கும் இடையே வோல்ட்டைப் பார்க்க வேண்டும், 0.2-க்குள் இருந்தால் கவலையில்லை, அரை வோல்ட்டைத் தாண்டினால் கம்பியின் இரு முனைகளையும் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இதே சோதனையை ‘எதிர்முனைக்கும் தரைக்கும் இடையே அளக்கவும்’ என்று தமிழாக்கியிருப்பதையும் படித்தேன். மீட்டரின் ஊசியை அவர் தரையில் குத்தச் சொல்கிறாரா, தெரியவில்லை.

பிக்கப் வண்டியில் இந்தச் சொற்குழப்பம் இன்னும் தீங்கானது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது; பலவற்றில் கேபினுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவிலும் ரப்பர்தான்; பின்புறச் சரக்குத் தொட்டி தனியாகப் போல்ட்டால் முடுக்கப்பட்டது. எனவே இவற்றை உலோகக் கம்பிப் பின்னல் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைத்தால்தான் ‘உடல்’ ஒரே உடலாகும். எஞ்சின் பட்டை அறுந்துவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் சோக் கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி என்று கிடைத்த வழியில் புகுந்து திரும்பப் பார்க்கும். அந்த மெல்லிய கம்பி சூடேறிப் புகையும். நிலம் என்ற சொல்லை மனத்தில் வைத்திருப்பவருக்கு இந்தக் காட்சி ஒருநாளும் விளங்காது. உடல் என்ற சொல்லை வைத்திருப்பவர் எந்த உறுப்பு எதோடு சேரவில்லை என்று தேடத் தொடங்கிவிடுவார்.

புவி வடசொல், நிலம் தமிழ்ச்சொல், ஆகவே புவித்தொடுப்பை நிலத்தொடுப்பாக்கினால் திருத்தம் முடிந்தது என்று சிலர் மகிழ்கிறார்கள். தூய தமிழ் எனக்கும் விருப்பமே. ஆனால் தூய தமிழில் எழுதப்பட்ட தவறும் தவறுதான். ‘தரையிறக்கம்’ அதைவிட மோசம், அது விமானத்துக்கு வாக்கப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. ‘ஸ்டார்ட்டரைத் தரையிறக்கவும்’ என்று ஒருவர் எழுதியதைப் படித்தபோது, வண்டி எப்போது மேலே ஏறியது என்று கேட்கத் தோன்றியது. ‘எதிர்முனை’ என்று மட்டும் சொல்லித் தப்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை: 1955 வரை வந்த ஃபோர்டு பிக்கப்புகளிலும், பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றிலும் உடலோடு இணைந்திருந்தது நேர்முனை. அத்தகைய வண்டியை எதிர்முனை என்ற சொல்லோடு அணுகுபவர் பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிடுவார்.

பட்டறைக்காரர்கள் நெடுங்காலமாக ‘பாடி எர்த்’ என்கிறார்கள். எர்த் ஒட்டிக்கொண்டிருந்தாலும், முன்னே பாடியைப் போட்டதில் அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடியைப் பிடித்துக்கொண்டு ‘உடல்வழி’ என்பதை முன்வைக்கிறேன். ‘வழி’ என்பதால் மின்னோட்டம் திரும்பிச் செல்லும் செயல் சொல்லிலேயே நிற்கிறது. கம்பியை ‘உடல்வழிக் கம்பி’ எனலாம், பட்டையை ‘உடல்வழிப் பட்டை’ எனலாம், ‘உடல்வழி விட்டுப்போயிருக்கிறது’ என்று வாயாலும் சொல்லலாம். ‘சட்டகத் தொடுப்பு’ பிழையில்லை; ஆனால் கேபினும் தொட்டியும் அதற்குள் அடங்குவதில்லை. ‘மெய்வழி’ என்றும் சொல்லிப் பார்த்தேன், வீடுபேற்றுக்கு வழிகாட்டுவதுபோல் ஒலித்ததால் விட்டுவிட்டேன். வீட்டில் மண்ணுக்குள் இறங்கும் கம்பிக்கு நிலத்தொடுப்பே இருக்கட்டும், அங்கே அது மிகச் சரியான சொல்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் நேரத்தில் வண்டியின் முன்மூடியையும் ஒருமுறை திறந்து பார்த்தால் இவ்வளவு பேச வேண்டியிருக்காது. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் உடல்வழிக் கம்பியைக் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு என்பது எல்லா வழிகாட்டிகளிலும் வரும் எச்சரிக்கை. உடல்வழிக் கம்பி மாட்டியிருக்கையில் மறு கம்பியைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும் என்பதே அதன் காரணம். ‘முதலில் நிலக்கம்பியை அகற்றுக’ என்று எழுதும்போது அந்தக் காரணம் காணாமல் போகிறது; ‘உடல்’ என்ற சொல் இருந்தால், தொடக்கூடாதது எது என்பது வாசிப்பவருக்குத் தானே தெரியும்.

மின்சுற்றுப் படங்களில் இடம் போதாது, நீண்ட சொல் எழுத முடியாது என்று ஒரு சாக்கு உண்டு. ஜெர்மானியர் முறையில் வரையப்பட்ட படங்களில் வண்டியின் உடலோடு இணையும் முனைக்கு 31 என்ற எண் இருக்கும். அதன் அருகே ‘உடல்’ என்று மூன்றெழுத்து எழுதலாம். நிலத்தொடுப்புக்கு ஆகும் இடத்தில் பாதிகூட வேண்டாம்.